மாருதி சுவிஃப்ட்: கம்பெனி ரிம்மை மாற்றாமல் எந்த அளவு டயர் போடலாம்?

சுவிஃப்ட்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வகைகள் என்றால் 14 அங்குல ஸ்டீல் ரிம்மில் 165/80 ஆர்14 டயர். இசட்எக்ஸ்ஐ என்றால் 15 அங்குல அலாயில் 185/65 ஆர்15. 2018 மாடலிலும் இதுதான், 2024 மே மாதம் வந்த புது மாடலிலும் இதுதான். டிசையரும் இந்த இரண்டு அளவுகளில்தான் ஓடுகிறது. முதல் செட் டயர் தேய்ந்து கடைக்குப் போகும்போது, அதே அளவா, ஒரு சைஸ் அகலமா என்ற கேள்வி வரும். நமக்கு வராவிட்டாலும் கடைக்காரர் வரவழைத்துவிடுவார். இந்த ரிம்களுக்கு என்று கடைகளில் எடுத்துக் காட்டப்படும் அளவுகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ரிம்மையே மாற்றி 16 அங்குலத்துக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. அது வேறு கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 14 அங்குல ஸ்டீல் ரிம்முக்கு இரண்டே அளவுகள் சரி: கம்பெனி அளவான 165/80, அல்லது 185/70. 175/70-ஐ வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம். 185/65, 175/65 இரண்டும் வேண்டவே வேண்டாம். 15 அங்குல அலாய்க்கு 185/65-ஐ விட்டு நகர்வதற்குப் பெரிதாகக் காரணம் இல்லை. ரிம் 5½ அங்குல அகலம் இருந்தால் மட்டும் 195/60 போடலாம். காரணங்கள் இனி.

முதலில் எண்களைப் பிரித்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. பலரும் சறுக்குவது இந்த இரண்டாவது எண்ணில்தான். 80, 70, 65 எல்லாம் தனியாக நிற்கும் உயரங்கள் இல்லை. முன்னால் இருக்கும் அகலம் மாறினால் இவையும் கூடவே மாறும். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பக்கச்சுவர் 264. ரிம்மின் 14 அங்குலம் 355.6 மி.மீ. மொத்தம் கூட்டினால் டயரின் முழு விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 621.5 வரும். ரிம் ஒரு அங்குலம் வளர்ந்தும் வெளி விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பலேனோவின் 195/55 ஆர்16-ஐப் போட்டுப் பாருங்கள், 620.9. மாருதி இந்த 620-ஐச் சுற்றியே நிற்பது தற்செயல் இல்லை. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்பி (வண்டி வழுக்கி விலகாமல் காப்பது), தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இந்த விட்டத்தை நம்பி அமைக்கப்பட்டவை. மாற்று அளவு எதுவாக இருந்தாலும் முதல் பரீட்சை இதுதான். இந்தத் தொழிலில் பொதுவாக மூன்று சதவீதம் கூடுதல் குறைவு வரை ஒத்துக்கொள்வார்கள். இரண்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது பரீட்சை ரிம்மின் அகலம். கடையில் பெரும்பாலும் யாரும் பேசாத விஷயம் இது. "14 இன்ச் ரிம்முக்கு 14 இன்ச் டயர், ஏறிடும் சார்" என்பார்கள். ஏறும், சந்தேகமே இல்லை. ஆனால் ரிம்மின் அகலத்துக்கு ஏற்ற டயர் அகலம் என்று ஒரு வரம்பு உண்டு. டயர் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அளவுக்கும் அதை வெளியிடுகிறார்கள். உங்கள் ரிம்மின் அகலம் ரிம்மிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். ஸ்டீல் ரிம்மில் வீல் கப்பைக் கழற்றி வால்வு ஓட்டையின் பக்கம் தேடுங்கள். அலாயில் பெரும்பாலும் உட்புறம், ஆரக்காலின் பின்னால் இருக்கும். 14 × 5ஜே என்பது போல இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது அகலம், இரண்டும் அங்குலத்தில். ஸ்டீல் ரிம்மில் 5ஜே என்று வைத்துக்கொண்டுதான் கீழே பேசுகிறோம். ஆனாலும் வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால் பார்க்காமல் நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர் என்ன மாட்டியிருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்.

மூன்றாவது, பளு எண். அளவை அடுத்து 85டி, 88எச் என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. கடைசி எழுத்து வேகம்: டி என்றால் 190 கி.மீ., எச் என்றால் 210. வண்டியோடு வந்த பளு எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மேலே போகலாம்.

165/80 ஆர்14 85

இந்த அளவைப் பற்றி "சைக்கிள் டயர்" என்று ஒரு கேலி உண்டு. பார்க்க ஒல்லிதான்; வீல் ஆர்ச்சுக்குள் டயர் தொலைந்து போனது போலத் தெரியும். ஆனால் 132 மி.மீ. பக்கச்சுவர் என்பது நம் ஊர் ரோட்டுக்கு ஒரு வரம். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைவதற்கு முன்னால் அத்தனை ரப்பர் நடுவே நிற்கிறது. உருளும் தடை குறைவு, அதனால் மைலேஜ் நன்றாக வரும். விலையும் இந்த வரிசையில் மலிவு.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மை மழைக்காலத்தில் தெரியும். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். பட்டன் (டயர் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டங்கள்) ஆழமும் காற்றும் சமமாக இருந்தால், அகலமான டயர்தான் முதலில் மிதக்கும், ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடும். ஐப்பசி மழையில் பைபாஸில் தினமும் போகிறவர்கள் 165-ஐ ஏளனமாக நினைக்க வேண்டியதில்லை. ஈரத் தரையில் பிரேக் பிடிப்பது வேறு விஷயம்; அதை அகலத்தைவிட ரப்பர் கலவைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

குறை எங்கே என்றால் நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டி, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, வளைவில் திரும்பும்போது. உயரமான பக்கச்சுவர் சாய்கிறது, ஸ்டீயரிங் திருப்பிய ஒரு கணம் கழித்துத்தான் வண்டி திரும்புகிறது. அவசர பிரேக்கில் ஏபிஎஸ் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். இன்னொரு குறை கடையில் கிடைக்கும் ரகங்கள். இந்த அளவில் பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும் வகை டயர்களைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அவை தேய மறுக்கும் கடினக் கலவை. பிடிமானமும் அமைதியும் இரண்டாம்பட்சம்.

185/70 ஆர்14 88

நம் தேர்வு இதுதான். கணக்கைப் பாருங்கள். 185-இல் 70 சதவீதம் 129.5, இரண்டு மடங்கு 259, ரிம்மோடு சேர்த்து 614.6 மி.மீ. கம்பெனி அளவைவிட 5 மி.மீ. குறைவு, சதவீதத்தில் 0.8. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு எவ்வளவு போனீர்களோ அதைவிட ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். தரை இடைவெளி 2.5 மி.மீ. குறையும், யாருக்கும் தெரியப் போவதில்லை. பக்கச்சுவரும் 132-இலிருந்து 129.5, அதாவது பள்ளத்துக்கு எதிரான மெத்தை அப்படியே இருக்கிறது. இதற்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 4½ முதல் 6 அங்குலம் வரை. 5ஜே நடுவில் உட்கார்கிறது. பளு எண் 85-இலிருந்து 88 ஆகிறது. முதல் தலைமுறை சுவிஃப்ட்டின் இசட்எக்ஸ்ஐ-க்கு மாருதியே கொடுத்த அளவும் இதுதான்.

அகலம் உண்மையில் எவ்வளவு கூடுகிறது? 185 என்பதை 5½ ரிம்மில் அளந்தால் பக்கத்துக்குப் பக்கம் சுமார் 189 மி.மீ. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும், ஆக 5ஜே-யில் 184. அதே ரிம்மில் 165/80 சுமார் 170. வித்தியாசம் 14 மி.மீ., உட்புறம் ஏழு, வெளிப்புறம் ஏழு. உட்புற ஏழைத்தான் பார்க்க வேண்டும்: முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பர் ஸ்ட்ரட்டுக்கும் டயர் தோளுக்கும் நடுவே உள்ள இடம், முழுவதும் திருப்பும்போது பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் லைனர்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. நான்கையும் மாட்டுவதற்கு முன், ஒரே ஒரு புது டயரை முன் இடதுபக்கம் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பக்கமும் கடைசி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பி, உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நுழைந்தால் சரி. பிறகு ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபடி ரிவர்ஸில் ஒரு சின்ன மேட்டில் ஏற்றி இறக்குங்கள். உரசினால் அப்போதே சத்தம் கேட்கும். நான்கு டயரும் ஏறி, பில் போட்டபின் கண்டுபிடித்தால் "ஓடினா சரியாயிடும்" என்ற பதில்தான் கிடைக்கும். உரசும் டயர் ஓடினால் சரியாகாது, லைனர்தான் ஓட்டையாகும்.

மாற்றிய பின் முதலில் தெரிவது வளைவில் வரும் நிதானம். லாரி பக்கத்தில் கடந்து போகும்போது வரும் ஆட்டமும் குறையும். பார்க்கிங்கில் ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், பவர் ஸ்டீயரிங் இருப்பதால் தொந்தரவு இல்லை. டயர் எடை கூடுவதால் சிக்னலில் கிளம்பும்போது ஒரு சோம்பல் தெரியலாம், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். டயருக்கு டயர் விலையும் கூடுதல். முழுக்க ஊருக்குள் ஓடி, பெட்ரோல் கணக்கை டைரியில் எழுதுகிறவர் என்றால் 165-இலேயே இருங்கள். வாரக் கடைசியில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் என்றால் இந்தச் செலவு தகும்.

175/70 ஆர்14 84

விட்டம் 600.6 மி.மீ., மூன்று சதவீதக் கோட்டைத் தொட்டு வெளியே நிற்கிறது. பளு எண் ஒரு படி கீழே, 500 கிலோ. பதினைந்து கிலோ குறைந்ததால் வண்டி படுத்துவிடாது. ஆனால் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எண்ணைத் தெரிந்தே போடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. வெளியூரில் டயர் வெடித்து, கடையில் இது மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டாக வாங்கி ஒரே ஆக்ஸிலில் போட்டு ஊர் வந்து சேருங்கள்.

175/65 ஆர்14 82

கடைகளில் அதிகம் தள்ளிவிடப்படும் அளவு இது. டியாகோ போன்ற வண்டிகளுக்கு இது கம்பெனி அளவு என்பதால் எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். "165 ஸ்டாக் இல்ல சார். இது 175, பத்து பாயிண்டு அகலம் ஜாஸ்தி, அதே 14 இன்ச்தான்" என்று பேச்சு தொடங்கும். பத்து கூடியதைச் சொன்னவர் 80, 65 ஆனதைச் சொல்ல மாட்டார்.

விட்டம் 583.1 மி.மீ. கம்பெனி அளவைவிட 36.5 மி.மீ. குறைவு, கிட்டத்தட்ட ஆறு சதவீதம். வண்டி 18 மி.மீ. தரையை நோக்கி இறங்குகிறது. சுவிஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; அது 145 ஆகிவிடும். பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர்கள் நிறைந்த ஊரில் அடிவயிறு தட்டும் சத்தத்தை முதல் வாரத்திலேயே கேட்கலாம். கியரின் விகிதமும் மாறியது போல ஆகிவிடும். ஒரு வேகத்தில் 2,500 சுற்றில் ஓடிய எஞ்சின் இனி அதே வேகத்துக்கு 2,650-ஐத் தாண்டி ஓட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த டயரைப் போட்டவர்களில் சிலர் மைலேஜ் கூடிவிட்டதாகச் சொல்வார்கள். கூடியது ஓடோமீட்டர். சிறிய டயர் அதிகச் சுற்று சுற்றுவதால், உண்மையில் 10,000 கி.மீ. ஓடிய வண்டி, பழைய கணக்கோடு ஒப்பிட்டால் சுமார் 10,600 காட்டும். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி அதே பெட்ரோலில் 21-க்கு மேல் கொடுப்பது போலத் தெரியும். சர்வீஸ் இடைவெளியும் வாரண்டி கிலோமீட்டரும் அதே வேகத்தில் கரைவது மட்டும் கண்ணில் படாது. பளு எண் 82, அதாவது 475 கிலோ. ஒரு டயருக்கு 40 கிலோ நட்டம். இந்த அளவை யாராவது சுவிஃப்ட்டுக்குச் சிபாரிசு செய்தால் கடையை மாற்றுங்கள்.

185/65 ஆர்14 86-உம் இதே குடும்பம்தான். பளு எண் சரி, ரிம் அகலமும் சரி, ஆனால் விட்டம் 596.1, 3.8 சதவீதம் குறைவு, வண்டி 12 மி.மீ. இறங்கும். பக்கத்திலேயே 185/70 இருக்கும்போது இது எதற்கு?

15 அங்குல அலாய்

இங்கே விஷயம் சின்னது. 185/65 ஆர்15 88 என்பது மாருதியே பல வண்டிகளுக்குப் போடும் அளவு. எல்லா பிராண்டிலும், எல்லா ரகத்திலும் கிடைக்கும். விலைப் போட்டியும் இருக்கும். இதைவிட்டு நகர்கிறவர்கள் பெரும்பாலும் தோற்றத்துக்காகவே நகர்கிறார்கள்.

195/60 ஆர்15 88 கணக்கில் பாஸ். விட்டம் 615, ஒரு சதவீதம்தான் குறைவு, பளு எண்ணும் அதே 88. ஆனால் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5½ முதல் 7 வரை. உங்கள் அலாயில் 5ஜே என்று அச்சடித்திருந்தால் இது கூடாது. ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு பக்கச்சுவரும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி புடைத்து நிற்கும். நடுப் பட்டன் மட்டும் சீக்கிரம் தேயும். அகலத்துக்குக் கொடுத்த காசில் பாதி தரையைத் தொடவே தொடாது. வளைவில் டயர் ரிம்மின் மேலேயே புரள்வதால் ஸ்டீயரிங் பழையதைவிட மந்தமாக இருக்கும். அகலம் போட்டும் பிடிமானம் வரவில்லையே என்று புலம்புகிறவர்களின் ரிம்மைப் பார்த்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

195/65 ஆர்15 91 பெரிய செடான்களின் அளவு. விட்டம் 634.5, இரண்டு சதவீதம் கூடுதல். தரை இடைவெளி 6.5 மி.மீ. கூடுவதால் ஆசை வரும். ஆனால் இது ஸ்பீடோமீட்டரை எதிர்த்திசையில் இழுக்கிறது: முள் 100-இல் நிற்கும்போது, கம்பெனி டயரில் போனதைவிட இரண்டு கிலோமீட்டர் வேகமாகப் போவீர்கள். கம்பெனி ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுவதால் அபராதம் வரை போகாது. ரிம் அகல வரம்பு இதற்கும் 5½-இல்தான் தொடங்குகிறது. 205/60-உம் அப்படியே, அதோடு வீல் ஆர்ச்சுக்குள் உரசும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டையும் விட்டுவிடலாம்.

சட்டம், இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. டயர் விஷயத்தில் பாதுகாப்பான இடம், உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வகைக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவு. அது உங்கள் கையேட்டிலோ ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். அதைத் தாண்டிப் போகிறவர்கள், இப்போதைய சுவிஃப்ட்டுக்கு 185/70 போடுகிறவர்களும் சேர்த்துத்தான், தங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரு மெயில் போட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் டயரைப் பார்ப்பார்.

பிராண்டு பற்றிக் கொஞ்சம்

இது அளவு பற்றிய விமர்சனம், ஆனாலும் கேட்பார்கள். அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் எக்ஸ்3, பிரிட்ஜ்ஸ்டோன் ஸ்டர்டோ எல்லாம் உழைப்பை முன்னிறுத்தும் டயர்கள். டாக்சி, தினசரி நெடுந்தூரம் என்றால் இந்தப் பக்கம். மிஷெலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ், குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2 போன்றவை ஈரப் பிடிமானத்தைச் சொல்லி விற்பவை. 185/70-க்குப் போவதே பிடிமானத்துக்காக என்றால், அந்த அளவில் மறுபடியும் கடினக் கலவையை வாங்குவது காசை வீணாக்குவது. நல்ல கலவையில் 165, சுமாரான கலவையில் 185 என்று இரண்டு எதிரே இருந்தால் முதலாவதை எடுங்கள்.

வேன்களுக்கான 14 அங்குல டயரைக் காட்டி "இது ஆயுசுக்கும் வரும்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. அளவுக்குப் பின்னால் சி என்றோ எல்டி என்றோ, கூடவே பிளை (உள் அடுக்கு) எண்ணிக்கையும் இருந்தால் அது சரக்கு வண்டி டயர். அதிகக் காற்றில் அதிகப் பளுவுக்காகச் செய்தது. காரில் போட்டால் கட்டை வண்டிப் பயணம்தான்; ஈர ரோட்டில் நிற்கவும் நிற்காது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கம் மட்டும்தான் அது அச்சாகியிருக்கும். அடுக்கில் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் தாண்டியது என்றால் விலையில் பேசுங்கள், இரண்டு தாண்டியது என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மாதிரிப் பழைய சரக்கு அதிகம் தேங்குவது, மெதுவாக விற்கும் அளவுகளில்தான். 185/70 கேட்கிறவர்கள் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் பக்கத்தில் ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் பழைய விகிதம் இருக்கக் கூடாது.

பழைய டயரைக் கழற்றியதும் ஸ்டீல் ரிம்மின் ஓரத்தைப் பாருங்கள். டயர் பீடு (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக இருந்தால், கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் புதுசு ஏற வேண்டும். மாதத்துக்கு மாதம் ஐந்து பிஎஸ்ஐ இறங்கும் புது டயர்களில் பலவற்றுக்குக் காரணம் பஞ்சர் இல்லை, இந்தத் துருதான். ரப்பர் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். டயரின் விலையோடு பார்த்தால் அது சில்லறை. பீடு உட்காராமல் அடம் பிடித்தால் காற்றை 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்ற விடாதீர்கள். காற்றை இறக்கி, சோப்புக் கரைசல் தடவி மறுபடி முயல வேண்டும்.

டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும். இதைப் பார்க்காமல் ஏற்றிவிட்டு பேலன்சிங்கில் ஈயக் கட்டிகளை வரிசையாக ஒட்டுவார்கள். ஒரு சக்கரத்துக்கே 60, 70 கிராம் கேட்டால் நிறுத்தச் சொல்லி, டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மறுபடி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதியாகக் குறையும். அப்போதும் குறையவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் மேல் பழி போட வேண்டாம்.

வீல் நட்டைக் கையால் குறுக்குக் குறுக்காகச் சுற்றி, வண்டியை இறக்கிய பின் முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். காற்றில் ஓடும் இம்பேக்ட் கன்னை வைத்து "டர்ர்" என்று முடித்துவிட்டால், நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்ற நீங்கள் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலும் நட் அசையாது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை முறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட்டில் முன் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் சரிசெய்யக் கூடியது. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்திரம்), அங்கே திருகுவதற்கு எதுவும் இல்லை. நான்கு சக்கர அலைன்மென்ட் என்று தனியாகக் காசு கேட்டால் பின்னால் எதைத் திருகினார்கள் என்று கேளுங்கள்.

காற்று அழுத்தம், 165-இலிருந்து 185/70-க்கு மாறினாலும், கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ளதுதான். பளு எண் கூடியிருப்பதால் கூட்ட வேண்டியதில்லை. அகல டயர் என்று குறைக்கவும் கூடாது. முதல் 200, 300 கி.மீ. வரை வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும்; அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய பொருள் தேய்ந்து போகும் வரை புது டயர் வழுக்கும்.

அளவு மாற்றுகிறீர்கள் என்றால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் 185, பின்னால் 165 என்று கலந்தால் வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு விதமாகப் பிடிக்கும். புது சுவிஃப்ட்டில் ஈஎஸ்பி எல்லா வகையிலும் உண்டு. நான்கு சக்கரங்களின் சுற்றை ஒப்பிட்டுத்தான் அது முடிவெடுக்கிறது. அதே அளவில் இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும், முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தே சமாளித்துவிடலாம். பின்பக்கம் வீசினால் பெரும்பாலான ஓட்டுநர்களால் பிடிக்க முடியாது.

ஸ்டெப்னி பழைய 165/80-ஆகவே இருக்கட்டும். இசட்எக்ஸ்ஐ-யில் 185/65 ஆர்15-க்கு ஸ்டெப்னியாக 14 அங்குல 165/80 வருவதைப் பார்த்துப் பலர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். விட்ட வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால்தான் அது செல்லுபடியாகிறது. 185/70 செட்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.தான், பஞ்சர் கடை வரை போக அது போதும். வேகத்தை 80-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களை இடம் மாற்றும் சுழற்சியில் மட்டும் இந்த ஸ்டெப்னியைச் சேர்க்காதீர்கள். டிக்கியில் பெயரளவுக்குக் கிடக்கும் அதில் மாதம் ஒருமுறையாவது காற்றைப் பாருங்கள். தேவைப்படும் நாளில் அது 12 பிஎஸ்ஐ-யில் இருப்பதுதான் வழக்கம்.